பித்தப்பையை இரண்டாம் முறை எடுக்க முடியாது

ரத்த மாதிரியில் பெயர் மாறியிருந்தால் ஆய்வகம் அதைத் தள்ளிவிட்டு, "மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிடலாம். நோயாளிக்கு இன்னொரு ஊசிக்குத்து, அவ்வளவுதான். அறுவை சிகிச்சையில் எடுத்த பித்தப்பையையோ மார்பகக் கட்டியையோ அப்படித் தள்ள முடியாது. அந்த டப்பாவில் இருப்பதைத் தவிர வேறு மாதிரி கிடையாது. திசு நோயியல் ஆய்வகத்தில் மாதிரிகளை வாங்கும் மேசை மற்ற கவுன்ட்டர்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். ஆனால் நம் மருத்துவமனைகள் பலவற்றில் அது டப்பாவை வாங்கி ரெஜிஸ்டரில் எண் போடும் இடமாகவே நடக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரோ ஒப்பந்தப் பணியாளரோ அங்கே உட்கார்கிறார். அந்த மேசைக் குழுவுக்குத் தலைமை தாங்குவது என்பது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எழுதுவதாகச் சுருங்கிவிடுகிறது.

மக்கள் 'சதை டெஸ்ட்' என்று சொல்லும் இந்தச் சோதனைக்கு வரும் டப்பாக்களைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே சிக்கல் புரியும். சிலவற்றில் பெயர் மூடியில் மட்டும் எழுதியிருக்கும். இரண்டு டப்பாக்களை ஒருசேரத் திறந்தால் மூடிகள் மாறிவிடும். சிலவற்றை உறவினரே பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு வருவார். பெயர் விஷயம் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி. ஆதாரில் அப்பாவின் இன்ஷியல், காப்பீட்டு அட்டையில் கணவரின் இன்ஷியல், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் சீட்டில் இன்ஷியலே இருக்காது. ஒரே நாளில் இரண்டு லட்சுமிகள் வருவது அபூர்வமல்ல. முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, வயதும் குத்துமதிப்புதான். குறைந்தது இரண்டு அடையாளங்களை ஒப்பிட வேண்டும் என்ற விதி, நடைமுறையில் உள்நோயாளி எண் ஒன்றையே நம்பி நிற்கிறது.

அடையாளம் சரியாக இருந்தாலும் போதாது. உடலைவிட்டு வந்தவுடனே திசு சிதையத் தொடங்கிவிடும். அதை நிறுத்த, திசுவின் அளவைப்போல் 10 மடங்காவது ஃபார்மலின் கரைசல் வேண்டும். அதுவும் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். சனிக்கிழமை மாலை அகற்றிய மார்பகத்தைச் சின்ன டப்பாவில் திணித்து, கீறிவிடாமல், மேலாகக் கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி வைத்தால் திங்கள் காலையில் வெளிப்புறம் விறைத்திருக்கும். நடுவில் உள்ள கட்டி கெட்டிருக்கும். மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 சோதனை நம்பும்படி இருக்க, திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட்டு, 6 முதல் 72 மணி நேரம் வரை வைக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க வழிகாட்டு நெறிகள். ட்ராஸ்டுசுமாப் என்ற விலை கூடிய மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தச் சோதனையில்தான் தெரியும். நம் படிவங்களிலோ பெரும்பாலும் தேதி மட்டும் இருக்கும். எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஃபார்மலினே படக் கூடாத மாதிரிகளும் உண்டு. அறுவை நடக்கும்போதே முடிவு கேட்கும் உறைவெட்டுச் சோதனைக்கு எதிலும் ஊறாத புதுத் திசுவே வர வேண்டும். சிறுநீரக பயாப்ஸியில் ஒரு பகுதி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்காகத் தனியே வர வேண்டும். காசநோய்ச் சந்தேகத்தில் எடுத்த கழுத்து நெறிக்கட்டியை முழுவதுமாக ஃபார்மலினில் போட்டுவிட்டால், கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் வழி அடைபட்டுவிடும்.

குறையோடு வரும் டப்பாவை என்ன செய்வது? ஆய்வகத் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 15189 இதற்கு இடம் விட்டிருக்கிறது: மறுபடி எடுக்க முடியாத மாதிரியை, நோயாளியின் நலன் கருதி, குறையோடே ஏற்கலாம், குறை இன்னதென்று அறிக்கையில் சொல்ல வேண்டும். தரநூலில் இது விதிவிலக்கு. இந்த மேசையில் இதுவே அன்றாட வேலை. நல்ல குழுத் தலைவர் முதலில் திசுவைக் காப்பாற்றுவார், பிறகு விசாரிப்பார். டப்பாவைத் தியேட்டருக்குத் திருப்பியனுப்ப மாட்டார். அனுப்பினால் அங்கே யாரோ நினைவிலிருந்து ஒரு பெயரை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். திசுவை எடுத்தவரே கீழே வந்து, பார்த்து, கையெழுத்திடும்வரை எண் போடாமல் நிறுத்திவைப்பார்.

சொல்வது எளிது. டிப்ளமோ படித்த டெக்னீஷியன் ஒருவர் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் யூனிட்டுக்கு ஃபோன் செய்து, "யாராவது வாங்க சார்" என்று கேட்க வேண்டும். "சீஃப் கேஸுங்க, நீங்களே போட்டுக்கோங்க" என்று பதில் வரும். 'சரி சார்' என்று அவர் சொல்லிவிட்டால் தவறு ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது. துணிச்சல் தனியாளின் குணமாக இருந்து பயனில்லை. 'இவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான்' என்று துறைத் தலைவர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

பார்கோடு வந்தால் எல்லாம் சரியாகும் என்பதை நான் நம்பவில்லை. மேசையில் அச்சிடும் பார்கோடு, அதற்கு முன் நடந்த தவறையும் சேர்த்துப் பத்திரப்படுத்தும். தியேட்டரில், நோயாளி மேசையில் இருக்கும்போதே ஒட்டினால்தான் அதற்குப் பொருள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே, மாதிரியின் லேபிளை நோயாளியின் பெயரோடு வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்யும் அம்சம் இருக்கிறது. பட்டியலில் டிக் அடிப்பது நடக்கிறது. வாய்விட்டுச் சொல்வது எங்கெல்லாம் நடக்கிறதோ!

செலவில்லாத வழக்கங்கள் நிறைய உண்டு. ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டுமே திறப்பது. ஒரு பித்தப்பைக்கு அடுத்த எண்ணை இன்னொரு பித்தப்பைக்குக் கொடுக்காமல் நடுவில் ஒரு குடல்வாலையோ தோல் துண்டையோ நுழைப்பது. வரிசை தவறினால் உடனே கண்ணில் படும். காலியாகத் தெரியும் டப்பாவைக் கொண்டுவந்தவர் முன்னிலையில் திறந்து, மூடியின் அடியில் திசு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. இவற்றைப் பழக்குவதற்கு நிலையான குழு வேண்டும். மாதம் ஒரு முகம் மாறினால் நடக்காது. காற்றோட்டமும் வேண்டும். ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே உறுதிசெய்துவிட்டது. அந்த வாடைக்கு நடுவே, வராந்தா மூலையில் மேசையைப் போட்டுவிட்டு, ஊழியர்கள் விடுப்பு எடுக்கிறார்கள் என்று குறைபடுவது முறையல்ல.

மாதந்தோறும் எந்த யூனிட்டிலிருந்து எத்தனை குறையுள்ள டப்பாக்கள் வந்தன என்ற பட்டியலை, அறுவை சிகிச்சைத் துறைக் கூட்டத்தில் குழுத் தலைவரே வாசிக்கட்டும். டாக்டர்கள் கூட்டத்தில் டெக்னீஷியனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். எல்லா யூனிட் டப்பாக்களையும் வரிசையாகப் பார்ப்பவர் மருத்துவமனையில் அவர் ஒருவர்தான்.