காலையில் கடகடக்கும் கார்!

பார்த்தால் அழகான கார். இரண்டே பேர் உட்காரலாம். மேல் கூரையை மடக்கி விடலாம். ஓட்டினால் காற்றாய்ப் பறக்கும்.

ஆனால், காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு சத்தம்!

"டிக்... டிக்... டிக்..."

தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். சில நாள் பத்து விநாடியில் நின்று விடும். சில நாள் பல நிமிடம் நீடிக்கும்.

கார் சொந்தக்காரர் பதறுகிறார். நாலு பேரிடம் கேட்கிறார்.

"கெட்டியான ஆயில் ஊற்று. சத்தம் போய் விடும்" என்கிறார் ஒருவர்.

"கெட்டி ஆயில் ஆகாது. லேசான ஆயில் ஊற்று" என்கிறார் இன்னொருவர்.

"எதுவும் வேண்டாம். இந்த மருந்தில் ஒரு பாட்டில் கலந்து விடு" என்கிறார் கடைக்காரர்.

யார் சொல்வது சரி?

சத்தத்தை நிறுத்துவது வேறு. சத்தத்தின் காரணத்தைப் போக்குவது வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் பணத்தை இழக்கிறார்கள். சில சமயம் என்ஜினையே இழக்கிறார்கள்.

பேர் போன கார்

இந்த "டிக் டிக்" சத்தத்துக்கே பேர் போன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் மஸ்டா கம்பெனி தயாரிக்கும் எம்.எக்ஸ்.-5 கார்தான் அது.

1989-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அது அறிமுகமானது. அமெரிக்கர்கள் அதை "மியாட்டா" என்று அழைத்தார்கள். 2016-ம் ஆண்டு பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. கூரையை மடக்கக் கூடிய, இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்ற கார் இதுதான்.

முதலில் வந்த கார்களில் 1.6 லிட்டர் என்ஜின். அதில் 16 வால்வுகள். வால்வு என்பது கதவு போன்றது. பெட்ரோலும் காற்றும் உள்ளே வர ஒரு கதவு. புகை வெளியே போக ஒரு கதவு. இந்தக் கதவுகளைத் தட்டித் திறப்பது, மேலே சுழலும் கேம் என்ற தண்டு.

கேமுக்கும் வால்வுக்கும் நடுவே டாப்பெட் இருக்கிறது. கவிழ்த்து வைத்த சிறு கிண்ணம் போல இருக்கும். சில என்ஜின்களில் இந்த இடைவெளியை மெக்கானிக்தான் அளந்து சரி செய்ய வேண்டும். மியாட்டாவில் அந்த வேலை இல்லை. கிண்ணத்துக்குள் ஆயில் புகுந்து, இடைவெளியைத் தானே நிரப்பிக் கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். பிறகு சத்தம் ஏன் வருகிறது?

இரவில் நடப்பது என்ன?

கார் இரவெல்லாம் நிற்கிறது. மேலே இருந்த ஆயில் மெல்ல மெல்லக் கீழே உள்ள தொட்டிக்கு இறங்கி விடுகிறது. கிண்ணத்திலிருந்தும் கொஞ்சம் கசிகிறது. அந்த இடத்தில் காற்று புகுந்து கொள்கிறது.

ஆயிலை அமுக்க முடியாது. காற்றை அமுக்கலாம். ஆகவே, காற்று புகுந்த கிண்ணம் தொளதொளத்து விடுகிறது. காலையில் கேம் சுழன்று வந்து அதன் தலையில் அடிக்கிறது. அதுதான் "டிக் டிக்"!

பம்ப் ஆயிலை மேலே ஏற்றியதும் கிண்ணம் நிறைகிறது. காற்று வெளியேறுகிறது. சத்தம் அடங்குகிறது.

1998-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் 1.8 லிட்டர் என்ஜினில், ஆயில் கிண்ணத்தை எடுத்து விட்டுக் கெட்டியான டாப்பெட் வைத்தார்கள்.

டப்பா பேசுகிறது

இனி ஆயிலுக்கு வருவோம்.

டப்பாவின் மேல் "5டபிள்யூ-30" என்று போட்டிருக்கும். பலர் இதைப் படிப்பதே இல்லை. படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் இதைப் புரிந்து கொள்ளலாம்.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும். எண் சிறிதாக இருந்தால் குளிரில் சீக்கிரம் ஓடும்.

பூஜ்ய டிகிரிக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பம்ப் இழுக்கக் கூடியது 0டபிள்யூ. 5டபிள்யூ ஆயிலை 35 டிகிரியில் சோதிக்கிறார்கள். 10டபிள்யூ என்றால் 30. 15டபிள்யூ என்றால் 25. 20டபிள்யூ என்றால் 20.

பின்னால் உள்ள எண், என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும். இதை 100 டிகிரி சூட்டில் அளக்கிறார்கள். 20 என்றால் லேசு. 30 அதைவிடக் கெட்டி. 40 இன்னும் கெட்டி. 60 மிகக் கெட்டி.

இந்த எண்களை வகுத்தது எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்களின் சங்கம். 1911-ம் ஆண்டிலேயே இந்த வேலையைத் தொடங்கி விட்டார்கள்.

இன்னொரு குறியும் உண்டு. "ஏ.பி.ஐ." என்று இருக்கும். அதன் பக்கத்தில் எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. சி என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. எஸ்.பி. என்ற தரம் 2020-ல் வந்தது. எஸ்.க்யூ. 2025-ல் வந்தது.

கெட்டியா? லேசா?

இப்போது அந்த இருவரின் வாதத்துக்குத் திரும்புவோம்.

கெட்டி ஆயில் சொன்னவர் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. தேய்ந்த கிண்ணத்திலிருந்து கெட்டி ஆயில் மெதுவாகத்தான் கசியும். சூடான பிறகு வரும் சத்தத்தை அது அமுக்கும்.

ஆனால், சத்தம் வருவது எப்போது? காலையில்! என்ஜின் குளிர்ந்திருக்கும்போது! அந்த நேரத்தில் கெட்டி ஆயில் மேலே ஏற அதிக நேரம் பிடிக்கும். அதுவரை இரும்போடு இரும்பு உரசும்.

லேசான ஆயில் சொன்னவர் பேச்சிலும் உண்மை உண்டு. அது சீக்கிரம் மேலே ஏறும். ஆனால், என்ஜினுக்கு வேண்டியதை விட லேசாகி விட்டால், சூட்டில் அதன் படலம் மெலிந்து விடும். பேரிங்குக்குப் பாதுகாப்புக் குறையும்.

ஆகவே, காலைச் சத்தத்துக்கு வழி எது? பின்னால் உள்ள எண்ணைக் கார் கம்பெனி சொன்னபடி வைத்துக் கொள்ள வேண்டும். கையேடு இடம் தந்தால், முன்னால் உள்ள எண்ணைக் குறைக்கலாம். 10டபிள்யூ-30 ஊற்றியவர் 5டபிள்யூ-30 ஊற்றலாம். சூட்டில் கெட்டித்தன்மை ஏறக்குறைய அப்படியே இருக்கும். குளிரில் சீக்கிரம் ஓடும்.

காருக்குக் கார் வேறு

"ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கெட்டி ஆயில்தான்" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு.

2012-ல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதற்குக் கம்பெனி சொன்னது 0டபிள்யூ-20. மிக லேசான ஆயில்.

2000-ல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்.3 காரும் ஸ்போர்ட்ஸ் கார்தான். அதன் 3.2 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை சுழலும். அதற்குக் கம்பெனி சொன்னது 10டபிள்யூ-60. மிகக் கெட்டியான ஆயில்.

இரண்டும் வேகமான கார்கள். ஒன்றின் ஆயிலை மற்றதில் ஊற்றினால் என்ன ஆகும்? கேடுதான் வரும். பம்ப், பேரிங், இடைவெளி எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் கம்பெனி ஆயிலைச் சொல்கிறது. அடுத்த வீட்டுக்காரர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

முதலில் செய்ய வேண்டியவை

ஆயிலை மாற்றும் முன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்தி, அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். அதிகமானால் சுழலும் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் சத்தம் வரும்.

அடுத்தது, ஆயில் பழசா என்று பார்ப்பது. பழைய ஆயில் பிசுக்காகிச் சிறு துளைகளை அடைக்கும். புது ஆயிலில் அழுக்கை நீக்கும் பொருள் உண்டு. நல்ல ஆயிலை இரண்டு முறை ஒழுங்காக மாற்றியதுமே சத்தம் குறைந்த கார்கள் உண்டு.

மூன்றாவது, பில்டர். நல்ல பில்டருக்குள் ரப்பர் தடுப்பு ஒன்று இருக்கும். நின்ற காரில் ஆயில் திரும்ப வழிந்து விடாமல் அது தடுக்கும். மலிவான பில்டரில் இந்த ரப்பர் சரியாக இல்லாவிட்டால், தினமும் காலையில் பில்டர் காலியாக இருக்கும். சத்தமும் தினமும் வரும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இந்தத் தொல்லை!

கிண்ணத்தில் காற்று தங்கி விட்டால், என்ஜின் சூடான பிறகு மிதமான வேகத்தில் சில நிமிடம் ஓட விடுவார்கள். காற்று வெளியேறும். ஆனால், மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அது உயிரைப் பறிக்கும்.

பாட்டில் மருந்து வேண்டாம். நல்ல ஆயிலில் தேவையான பொருள்கள் ஏற்கனவே சேர்ந்திருக்கின்றன. வேறு எதையும் கலக்காதீர்கள் என்று பல கார் கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன.

ஆபத்தான சத்தம் எது?

எல்லாச் சத்தமும் டாப்பெட் சத்தம் அல்ல.

மேலிருந்து லேசாக "டிக் டிக்" என்று வந்து, சூடானதும் நின்றால் பெரிய ஆபத்து இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி குலுங்குவது போலக் "கரகர" என்று வந்தால், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அடியிலிருந்து "தொம் தொம்" என்று கனமாக வந்தால், அது பேரிங் சத்தமாக இருக்கலாம். காரை ஓட்டக் கூடாது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து அணையாவிட்டாலும், என்ஜினை உடனே நிறுத்தி விட வேண்டும்.

இந்தச் சத்தங்களைக் கெட்டி ஆயில் ஊற்றி மறைத்தால் என்ன ஆகும்? சில நாள் அமைதி. பிறகு ஒரு நாள் நடு ரோட்டில் என்ஜின் இறுகி நின்று விடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, பல லட்சத்தில் போய் நிற்கும்.

வாங்குவோருக்கு எச்சரிக்கை!

பழைய கார் விற்பவர்களில் சிலர் இந்தத் தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றி, என்ஜினைச் சூடாக்கி வைத்து விடுகிறார்கள். வாங்க வருகிறவர் காதில் சத்தமே விழாது. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் உண்மை தெரியும். அதற்குள் சேமித்த பணம் கைமாறி விட்டிருக்கும்.

ஆகவே, பழைய கார் வாங்குகிறவர்கள் காலையில் போக வேண்டும். முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி விட வேண்டும். என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருந்தால்தான் சாவியைத் திருப்ப வேண்டும். முதல் பத்து விநாடி, வாய் பேசாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக் கூடும். டப்பாவில் "ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ." என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

என்ஜினுக்கு வாய் கிடையாது. வலித்தால் சத்தம் போடத்தான் அதற்குத் தெரியும். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தினால் பசி தீருமா? என்ன வேண்டும் என்று பார்ப்பதுதான் முறை.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கையேட்டில் ஒரு பக்கம். டப்பாவில் ஒரு வரி. படித்து விட்டு ஊற்றினால், பணமும் பிழைக்கும், என்ஜினும் பிழைக்கும்.