குழிக்குப் பணக்கணக்கு மட்டும் போதுமா?



விழுப்புரம் மாவட்டம் பூத்துறை செம்மண் குவாரி வழக்கு செய்தியில் அடிபடும்போதெல்லாம் கூடவே ஒரு தொகையும் வருகிறது: 28.36 கோடி ரூபாய். அனுமதித்த அளவுக்கு மேல் மண் அள்ளியதால் அரசுக்கு ஏற்பட்டதாகச் சொல்லப்படும் இழப்பு அது. வழக்கு பதிவானது 2012-இல். குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மண் போன இடத்தில் இனி புல் முளைக்குமா என்ற பேச்சையே காணோம்.

கல்குவாரிகளிலும் இதே நிலைதான். திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரைப் பக்கம் போனால், சாலையோரப் பனைகளின் மட்டைகூட கிரஷர் தூசியில் வெளுத்திருக்கும். கைவிட்ட குழிகளில் செங்குத்துப் பாறைக்குக் கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. மேலே, குவியலாகக் கொட்டிய கழிவுக் கல்லில் சீமைக்கருவேலம் மட்டும் தலையெடுக்கிறது. பசுமை வளையம் என்ற பெயரில் வாசலோரம் நட்ட புங்கன் கன்றுகள் அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. கல்தூளில் ஒரு முழம் தோண்டி வைத்த கன்று வேறென்ன செய்யும்?

சட்டத்தில் குறையில்லை. சுரங்கம் தோண்டிய நிலத்தையும் அதனால் பாழான பகுதியையும் புல்வெளியாக்கி, தீவனமும் செடிகொடிகளும் வளரும் நிலைக்குக் கொண்டுவரக் குத்தகைதாரரைப் பணிக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் அனுமதிகளில் அதை நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அதே மாதம் அறிவுறுத்தியது. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது, புல்தான் இல்லை.

முடியாத காரியம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பூத்துறை இருக்கும் அதே வானூர் வட்டத்தில்தான் ஆரோவில்லும் இருக்கிறது. 1968-இல் அது தொடங்கியபோது அந்த மேடு மழை அரித்து ஓடைகளாகப் பிளந்த செம்மண் பொட்டல். முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். வறட்சி தாங்கும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு நிழலும் சருகும் உண்டாக்கினார்கள். பிறகு அந்த நிழலில் இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காட்டின் மிச்சம் இன்றும் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் வீரையும் காசானுமாக நிற்கிறது. விதைக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

குவாரிக் குழி அதைவிடக் கடினம் என்பது உண்மை. பாறையாக இருந்த கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் சாலைக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஆனால் முதல் நாள் வழித்தெடுக்கும் மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தால், படிப்படியாக வெட்டிய விளிம்புகளில் அதைத் திரும்பப் பரப்பலாம். செம்மண் குழிக்கு வரப்பு, தழை, கொளுஞ்சி விதைப்பு, இரண்டு பருவம் ஆட்டுக்கிடை என நம் விவசாயிகள் அறிந்த வழிகளே இருக்கின்றன. நடப்பதோ வேறு: மேல்மண்ணும் டாரஸ் லாரியில் ஏறிவிடுகிறது. காப்பாரற்ற சரிவில் மிஞ்சிய மண்ணையும் மழை அடித்துப்போய் ஏரியிலும் ஓடையிலும் சேர்க்கிறது. அந்த ஓடைகளில் பல போய்ச் சேரும் கழுவேலி ஏரியைத்தான் 2021-இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

மாவட்ட நிர்வாகமும் கனிமவளத் துறையும் உடனே செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, குத்தகை முடிந்த குவாரிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றின் இன்றைய நிலையையும் கிராம சபைகளில் வைக்க வேண்டும். இரண்டு, குவித்து வைத்த மேல்மண்ணை அளந்து பார்க்காமல் எந்தக் குவாரிக்கும் குத்தகையைப் புதுப்பிக்கக் கூடாது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட்டு, இரண்டு கோடை தாண்டிப் பிழைத்தவற்றையே கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று, உரிமையாளர் கைகழுவிய குழிகளுக்கு வேலி போடவும் கரையில் மண் பரப்பவும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியை ஒதுக்க வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே 2015-இல் சட்டம் திருத்தி உருவாக்கிய நிதி அது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டிவனம்