பாட்டில் அரசியலைக் கலந்தது யார்?

"பாட்டைப் பாட்டாகப் பாடுங்கள், அரசியலைக் கலக்காதீர்கள்" என்ற உபதேசம் 2018-லிருந்து ஓயவே இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடை ஏறியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து திரட்டிய 19 பேர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். பறைக்கும் சட்டிக்கும் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார். பாடியது இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் அம்பேத்கரையும் பற்றி. பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்ததுதான். அவ்வளவுதான், மயிலாப்பூர் சபா கேண்டீனிலிருந்து வேளச்சேரி அடுக்குமாடி வரை இசையின் புனிதம் பற்றித் திடீர்க் கவலை. கிட்டார் நம்முடையதல்ல என்கிறார்கள். வயலினும் காவிரிக் கரையில் முளைத்ததல்ல, பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியத்தைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மரியாதை தேவையில்லை.

இசைக்குள் அரசியல் இப்போதுதான் புகுந்தது என்பதே இவர்களுடைய பிரதான வாதம். 1946-இல் திருவையாற்றில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். தியாகராஜர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழில் ஒரு பாட்டுப் பாடினார். தியாகையர் சன்னிதியில் தமிழா என்று முகம் சுளித்தார்கள். மேடை தீட்டுப்பட்டுவிட்டது என்றே பேச்சு எழுந்தது. 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டுக் கருணாநிதி 'குடிஅரசு' இதழில் எழுதினார். தேசிகர் பாடியது இடஒதுக்கீட்டைப் பற்றி அல்ல, பிள்ளையாரைப் பற்றி. கேட்டவர்கள் வீட்டுப் பூஜை அறையிலும் அதே பிள்ளையார்தான் இருந்திருப்பார். குற்றம் பாட்டின் மொழி மட்டுமே. அதற்கு மூன்றாண்டு முன், 1943-இல், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கம் கண்டதும் இதே காரணத்துக்காகத்தான். அன்றைய கச்சேரியில் வர்ணம், கீர்த்தனை எல்லாம் பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் போகும். தனி ஆவர்த்தனமும் முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடும் நேரத்தில் துக்கடாவாகத் தமிழ் வரும். துக்கடா என்றால் துண்டு. எந்த மொழி பிரதானம், எது துண்டு என்று எந்த ராக லட்சணம் சொல்கிறது? அது மனிதர்கள் எடுத்த முடிவு. எடுத்தவர்களுக்கு அதிகாரம் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. தமிழில் பாடு என்று கேட்டவர்களுக்கு அன்று கிடைத்த பதில், "சங்கீதத்துக்கு மொழி கிடையாது, அதில் மொழிச் சண்டையை இழுக்காதீர்கள்." அதையேதான் இன்று சாதிக்கு மாற்றிச் சொல்கிறார்கள். உபதேசம் அப்படியே இருக்கிறது, ஒரு சொல்தான் மாறியிருக்கிறது.

நாடக மேடைக்குப் போனால் கதை இன்னும் கூர்மை. விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் நின்றபடியே வெள்ளை ஆட்சியைச் சாடிப் பாடினார். அதற்காகத் திரும்பத் திரும்பச் சிறை போனார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. முருகனிடம் அரசியல் எதற்கு என்று கேட்டது அன்றைக்குப் போலீஸ். 1928-இல் பாரதி பாடல்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. 1947 ஆகஸ்டில் சுதந்திரம் பிறந்த இரவில் அதே பாரதியை டி.கே.பட்டம்மாள் சென்னை வானொலியில் பாடினார். தோற்கிற வரை அரசியல் பாட்டு, ஜெயித்த பிறகு தேசபக்திப் பாட்டு. இடையில் பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பிரச்சாரமாகிவிட்டால் கலை செத்துவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். சில பாடல்கள் கோஷத்தைத் தாண்டவில்லை என்பது உண்மைதான். காதல் பாட்டில் எத்தனை தேறும் என்று அவர்கள் எண்ணிச் சொன்னால், இதையும் எண்ணலாம்.

வேளச்சேரிக்காரர்கள் இந்த உபதேசத்தைச் சொல்வதுதான் வேடிக்கை. கபேர் வாசுகி தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிற சென்னைக் கலைஞர். அவர் எழுதி டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' 2017 ஜனவரியில் வந்தது. சென்னைத் தமிழ், கர்நாடக ராகங்கள், பின்னால் எண்ணூர்க் கழிமுகம். யார் பட்டாவிலும் இல்லாத, எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறிக்கும் பெயர் எப்படி வசவுச் சொல்லானது என்பதே அந்தப் பாட்டின் கேள்வி. பொதுநிலத்தை வசவாக்கிவிட்டால் அதை விழுங்குவது சுலபம். எண்ணூர் எங்கோ வடக்கே இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. சுமார் 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி இன்று ஏறக்குறைய 55 ஏக்கர். போன இடத்தில் சாலையும் குடியிருப்பும். பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பெரும்பகுதி அழிந்தபின், மிச்சத்துக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. ஏரியைச் சுருக்கிய கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் பாட்டுப் பாடவில்லை.

2015-லும் 2023-லும் இங்கே தெருக்களில் படகு போனது. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று அறிவித்ததுமே, ஒரு துளி விழுவதற்கு முன், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசை கட்டி நின்றுவிட்டன.