அறுந்தால் போச்சு

பழைய போர்ஷே 944 காரை விற்பவர் முதலில் பெயின்டைக் காட்டுவார். அப்புறம் தோல் சீட். ஆனால் விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி வேறு: "டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்? பில் இருக்கிறதா?" பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தக் காரின் ரசிகர்களிடையே எழுதப்படாத சட்டம். அப்படிப்பட்ட காரை வாங்கியவர்கள் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். காரணம் வலுவானது.

ஜெர்மனியில் நெக்கர்சுல்ம் நகரிலுள்ள ஆடி தொழிற்சாலையில் போர்ஷேவுக்காக 1982 முதல் 1991 வரை தயாரான கார் இது. முன்பக்கம் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின். பின்பக்கம் கியர் பாக்ஸ். போர்ஷே என்ற பெயரை ஓரளவு சாதாரண மனிதர்களின் கைக்கு எட்டும்படி செய்த கார்களில் ஒன்று. வயதாக ஆக விலை சரிந்தது. அங்கேதான் வந்தது வினை. காரை வாங்க முடிந்தவர்களால் அதைப் பராமரிக்க முடியவில்லை. பெல்ட் அறுந்து என்ஜின் கெட்டால், பழுது பார்க்கும் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். ஓட வேண்டிய எத்தனையோ 944கள் இப்படித்தான் காயலான் கடைக்குப் போயின.

என்ஜினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். அடியிலிருப்பது பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே இருப்பது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைப்பது ஒரு பல் வைத்த ரப்பர் பெல்ட். 944இல் திறந்த வால்வு நீளும் இடத்துக்கேதான் பிஸ்டனும் வந்து போகிறது. மும்பையில் ஒரே கட்டிலைப் பகல் ஷிஃப்ட்காரரும் இரவு ஷிஃப்ட்காரரும் பங்கிட்டுக்கொள்வது போல: நேரம் தவறாதவரை சண்டை இல்லை. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். வால்வு வளையும்.

எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களும் இப்படி அல்ல. 1989இல் வந்த மஸ்தா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் என்ஜினில் பெல்ட் அறுந்தால் கார் சாலையோரம் நிற்கும், அவ்வளவுதான். புது பெல்ட் போட்டால் மறுபடியும் ஓடும். வீட்டிலேயே இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு மஸ்தாதான் நல்ல பள்ளிக்கூடம். 944 பரீட்சை ஹால்.

இந்தப் பல் வைத்த பெல்ட் பிறந்தது கார்களுக்காக அல்ல. 1940களில் அமெரிக்காவில், தையல் மெஷினில் ஊசியும் பாபினும் ஒரே கதியில் ஓடுவதற்காக உருவாக்கப்பட்டது. கார் என்ஜினுக்குள் அதைக் கொண்டுவந்த பெருமை பெரிய கம்பெனி எதற்கும் இல்லை. விதை விதைக்கும் மெஷின் செய்துவந்த கிளாஸ் என்ற பவேரியக் கம்பெனி 1962இல் தன் சிறிய காரில் பொருத்தியது. நான்கு ஆண்டுகளில் இத்தாலியின் ஃபியட் அதையே தன் 124 ஸ்போர்ட் காருக்கு எடுத்துக்கொண்டது. அந்த என்ஜினை வடிவமைத்த ஆரேலியோ லாம்ப்ரெடி அதற்கு முன் ஃபெராரிக்கு என்ஜின் செய்தவர். பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, செலவும் குறைவு.

சத்தம் இல்லை என்பதுதான் சிக்கல். அம்பாசிடரிலும் பத்மினியிலும் இருந்தது சங்கிலி. தளர்ந்தால் 'கலகல'வென்று புலம்பி எச்சரிக்கும். மாருதி 800 வந்த பிறகுதான் நம்மூர்க்காரர்களில் பலருக்கு பெல்ட் பழக்கமாயிற்று. பெல்ட் புலம்பாது. நேற்று வரை நன்றாக ஓடியது என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் தராது.

இன்னொன்று, கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வருடத்துக்கு 2,000 கி.மீ. கூட ஓடாமல் இருக்கலாம். ஆனால் ஷெட்டில் சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும். என்ஜின் முன்பக்கத்து ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். அதனால்தான் மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள் இந்தக் காரை நேசிப்பவர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய வேலையா இது? செய்கிறார்கள். பொறுமையும், இரண்டு விடுமுறை நாட்களும், நல்ல டார்க் ரெஞ்சும் வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் விசிறிகளைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும். பிறகு ஆல்டர்னேட்டர், ஏ.சி. பெல்ட்டுகள், மேல் மூடிகள். உள்ளே இரண்டு பெல்ட்டுகள் தெரியும். ஒன்று டைமிங் பெல்ட். மற்றது அதிர்வைக் குறைப்பதற்காக இருக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளைச் சுற்றுவது. இரண்டாவது அறுந்தால் என்ன நஷ்டம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. அறுந்த துண்டு டைமிங் பெல்ட்டில் சிக்கி அதையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இவ்வளவு பிரித்த பின் கசியும் சீல்களையும், தேய்ந்த ரோலர்களையும், வயதான வாட்டர் பம்ப்பையும் விட்டுவைப்பது கஞ்சத்தனம். அவற்றில் ஒன்று கெட்டாலும் மறுபடி இதே வேலை.

பெல்ட்டைத் தொடும் முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ஃப்ளைவீலில் 'ஓ.டி.' என்று ஒரு குறி இருக்கும். மேல் உச்சிப் புள்ளி என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. அந்தக் குறியும், மேலே கேம் சக்கரத்தின் குறியும் ஒரே சமயத்தில் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். பழைய பெல்ட்டில் வெள்ளை பெயின்டால் அடையாளம் வைத்து, பற்களை எண்ணிப் புதியதற்கு மாற்றும் வழக்கமும் உண்டு. துணைக்கு அது நல்லது. அதை மட்டும் நம்புவது தப்பு. முன்பு மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் அவருடைய தவறைத்தான் பத்திரமாக நகல் எடுத்ததாகும்.

பலரும் பயப்படுவது கிராங்க் போல்ட்டுக்கு. 24 மி.மீ. தலை, 210 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 21 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஃப்ளைவீலை அசையாமல் பூட்டிவிட்டால் அது வெறும் பலப்பரீட்சைதான். பயப்பட வேண்டிய இடம் வேறு. பெல்ட் கழன்ற பிறகு கிராங்கையோ கேமையோ திருப்பக் கூடாது. புது பெல்ட்டையும் மடிக்கவோ முறுக்கிப் பார்க்கவோ கூடாது. உள்ளே ஓடும் கண்ணாடி இழை நொறுங்கினால் வெளியே எதுவும் தெரியாது.

பெல்ட்டை மாட்டியாயிற்று, குறிகள் பொருந்தின. சாவியைத் திருப்பக் கை துறுதுறுக்கும். முழு வேலையும் கெடுவது இந்த நிமிடத்தில்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீல் பூட்டையும் எடுத்துவிட்டு, கிராங்கை ஸ்பேனரால், கையால், மெதுவாக இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். வலப்பக்கமாக மட்டும். பிளக் இல்லாதபோது காற்றின் எதிர்ப்பு இருக்காது. அதையும் மீறி எங்காவது 'கட்'டென்று தடுத்தால் அது பிஸ்டன் வால்வைத் தொடுகிற இடம். அங்கேயே நிறுத்தி, முதலிலிருந்து பார்க்க வேண்டும். கைக்கு அந்தத் தடை தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது, வளைத்துவிட்டுத்தான் நிற்கும். இரண்டு சுற்று முடிந்து குறிகள் மறுபடி அதே இடத்தில் வந்து நின்றால் பாதி உயிர் திரும்பும்.

மீதிப் பாதி இறுக்கத்தில் இருக்கிறது. தளர்ந்தால் பல் தாவும். அதிகமாக இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் தேயும், என்ஜின் ஊளையிடும். போர்ஷே இதற்கென்றே ஒரு அளவுமானி செய்தது, விலை அதிகம். மாட்டிய பெல்ட்டின் நடுப்பகுதியை இரண்டு விரலால் பிடித்துக் கால் திருப்பு திருப்பிப் பார்க்கும் முறை வீட்டு மெக்கானிக்குகளிடம் பிரபலம். பழகிய விரலுக்கு அது சரி. முதல் தடவை செய்கிறவர் அளவுமானியை இரவலாவது வாங்குவது நல்லது. 1987 மாடல் முதல் ஸ்பிரிங் வைத்த அமைப்பு வந்து இந்தத் தலைவலியைப் பெருமளவு குறைத்தது.

புது பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். சுமார் 3,000 கி.மீ. ஓடியபின் மூடியைத் திறந்து மறுபடி இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். மூடியை மாட்டும்போதே தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள். வீட்டில் செய்த வேலைக்கு பில் கிடையாது. உதிரிப் பாகங்கள் வாங்கிய ரசீதும் இந்தச் சீட்டும்தான், நாளை காரை வாங்க வருபவரின் முதல் கேள்விக்குக் காட்ட இருப்பவை.