ஆடியவருக்கும் பங்கு

எட் ஓபானனை 2009இல் வழக்குத் தொடுக்க வைத்தது ஒரு வீடியோ கேம். அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 1995இல் பட்டம் வெல்லக் காரணமான அவரை அப்படியே அதில் வார்த்திருந்தார்கள்: அதே 31ஆம் எண் சட்டை, அதே இடது கை வீச்சு. பெயர் மட்டும் இல்லை, காசும் தரவில்லை.

கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் தர அப்போது விதி இடம் தரவில்லை. 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுப்பதாகச் சொன்னார். அந்த ஆண்டின் சாம்பியன் அவர் அணிதான்.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேரும் அமெரிக்கக் கல்லூரி ஒவ்வொன்றும், முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் என்ற வரம்போடு தொடங்கி, ஆண்டுதோறும் வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். தாமதமாக வந்தாலும் நியாயமான தீர்வு. ஆனால் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே போகிறது. இந்தச் செலவை ஈடுகட்ட நீச்சல், மல்யுத்த அணிகளைக் கலைப்பது அநியாயம். பயிற்சியாளர்களின் கோடிக்கணக்கான சம்பளத்தில் முதலில் கை வைக்கட்டும்.