எந்த எஸ்எஸ்டியும் போதும் என்பது பொய்

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "ஒரு எஸ்எஸ்டி போடுங்க, பறக்கும்." எந்த எஸ்எஸ்டி என்று கேட்டால், "எதுவா இருந்தா என்ன, ஹார்ட் டிஸ்கைவிட வேகம்தானே" என்பார்கள். விலை குறைந்த 128 ஜிபி எஸ்எஸ்டிகள் விற்றுத் தீர்வது இந்த நம்பிக்கையால்தான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எண்ணி எண்ணிச் செலவு செய்து சின்ன லேப்டாப் வாங்கும் மாணவரையும் சிறு வியாபாரியையும் ஏமாற்றுகிறது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடிப் பிடிக்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு அதில் மிகச் சிறு பங்கு நேரம் போதும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால், அங்கே மலிவான எஸ்எஸ்டியும் எளிதாக ஜெயிக்கும். கடைக்காரர் போட்டுக் காட்டுவதும் அந்த முதல் அரை நிமிடத்தைத்தான். வில்லங்கம் படிக்கும்போது இல்லை, எழுதும்போதுதான் தொடங்குகிறது.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் பிளாஷ் சிப்பில் எழுதுவது சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ பெரிய தொகுதியாகத்தான் முடியும். 2008 வாக்கில் ஒரு பக்கம் 4 கேபி, அழிக்கும் தொகுதி 512 கேபி. காலி இடம் தீர்ந்துவிட்டால், ஒரு பக்கத்தை மாற்றுவதற்காகத் தொகுதி முழுவதையும் வேறிடத்துக்குப் பெயர்த்து, அழித்து, திரும்ப எழுத வேண்டும். இந்த வேலையைச் சாமர்த்தியமாகச் செய்வது உள்ளே இருக்கும் கன்ட்ரோலர். மலிவு எஸ்எஸ்டியில் செலவைக் குறைக்க முதலில் கை வைக்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று.

இது புதிய கதை அல்ல. 2007இல் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற ஏழு அங்குலத் திரை லேப்டாப்பை 4 ஜிபி எஸ்எஸ்டியுடன் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஏசர் ஆஸ்பயர் ஒன் வந்தது. அதன் ஒரு வகையில் இன்டெலின் 8 ஜிபி எஸ்எஸ்டி இருந்தது. இன்னொரு வகையில் 120 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த எஸ்எஸ்டியின் வேகமாக இன்டெலே சொன்ன கணக்கு: படிக்க நொடிக்கு 35 எம்பி, எழுத வெறும் 7 எம்பி. பிரவுசர் தன் கேஷில் எதையாவது எழுதத் தொடங்கினாலே திரை உறைந்து நின்றது. பயனர்கள் பிரவுசர் கேஷை ராமுக்கு மாற்றினார்கள். கோப்பு கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று லினக்ஸ் குறித்துவைப்பதைக்கூட நிறுத்தினார்கள். வட்டில் ஒருமுறை எழுதுவது குறைந்தாலும் லாபம் என்ற நிலை.

அதே 2008இல் ஜேமைக்ரான் ஜேஎம்எஃப்602 என்ற கன்ட்ரோலருடன் பல மலிவு எஸ்எஸ்டிகள் சந்தைக்கு வந்தன. விளம்பரத்தில் அவற்றின் வேகம் பிரமாதம். சிறு சிறு கோப்புகளை எழுதச் சொன்னால் திக்கித் திணறின. ஆனந்த்டெக் தளத்தில் ஆனந்த் லால் ஷிம்பி இதை அளந்து எழுதி அம்பலப்படுத்திய பிறகுதான் வாங்குபவர்களுக்கு விஷயம் புரிந்தது. அன்று திணறாத எஸ்எஸ்டியாகப் பெயர் வாங்கியது இன்டெல் எக்ஸ்25-எம். 80 ஜிபிக்கு அதன் அறிமுக விலை 595 டாலர், ஒரு சின்ன லேப்டாப்பின் விலையைவிட அதிகம்.

இன்று கன்ட்ரோலர்கள் எவ்வளவோ தேறிவிட்டன. மலிவின் சங்கடம் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. பிளாஷ் சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் வைத்தால் கியூஎல்சி. நான்கு பிட்டுக்கு ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், எழுதுவது மெதுவாகும். இதை மறைக்கவே, சில செல்களில் தற்காலிகமாக ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவைக்கும் எஸ்எல்சி கேஷ் என்ற ஏற்பாடு. கடை வாசலில் மூட்டைகளை மளமளவென்று இறக்கிவிட்டு, பிறகு ஆற அமர உள்ளே அடுக்குவதைப் போன்றது அது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எழுதும் வேகம், வாசலில் இறக்கும் வேகம் மட்டுமே.

வாசல் நிறைந்தால்? 2020இல் வந்த சாம்சங் 870 கியூவிஓவின் 1 டிபி மாடலுக்கு அந்த நிறுவனமே விடை தருகிறது: முதலில் நொடிக்கு 530 எம்பி, கேஷ் தீர்ந்தபின் 80 எம்பி. லேப்டாப் ஹார்ட் டிஸ்குகள் பலவும் பெரிய கோப்பைத் தொடர்ந்து எழுதும்போது 100 எம்பியை ஒட்டிப் போகக்கூடியவை. "எந்த எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கைவிட வேகம்" என்ற வாக்கியம் இந்த இடத்தில் உடைகிறது. சாம்சங் அதை விவரத்தாளில் ஒளிக்காமல் போட்டது. பெரும்பாலான மலிவு பிராண்டுகள் அதைக்கூடச் செய்வதில்லை.

இந்தக் கேஷ் நிலையானதும் அல்ல. இன்டெல் 660பி 1 டிபி மாடலில், வட்டு காலியாக இருந்தால் கேஷ் 140 ஜிபி. நிறைந்துவிட்டால் 12 ஜிபி. 128 ஜிபி வட்டில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் அதை 119 ஜிபி என்றே காட்டும். அதில் விண்டோஸும் அப்டேட்டுகளும் ஒரு பங்கைத் தின்றுவிடும். கொள்ளளவு குறைந்த வட்டில் சிப்களும் குறைவு என்பதால் ஒரே நேரத்தில் பல சிப்களில் எழுதும் வசதியும் சுருங்கும். சின்ன லேப்டாப்பில் ராம் பெரும்பாலும் 4 ஜிபி, அதுவும் போர்டோடு ஒட்டியது. பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் ராம் நிரம்பி, மிச்சம் எஸ்எஸ்டிக்குத்தான் வரும். ராம் குறைந்த கணினியில்தான் எஸ்எஸ்டிக்கு வேலை அதிகம். அங்கேதான் மலிவானதைப் பொருத்துகிறார்கள்.

இன்னும் கோபம் தருவது, பெயர் மாறாமல் உள்ளிருப்பது மாறுவது. கிங்ஸ்டன் வி300இல் வேகமான பிளாஷுக்குப் பதில் மெதுவானது நுழைந்தது 2014இல் வெளிவந்தது. 2021இல் க்ரூஷியல் பி2, டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியிருப்பதை டாம்ஸ் ஹார்ட்வேர் கண்டுபிடித்தது. அதே ஆண்டு டபிள்யூடி எஸ்என்550இன் கேஷ் தீர்ந்த பிறகான வேகம் 610 எம்பியிலிருந்து 390க்கு இறங்கியது தெரியவந்தது. இனி இப்படி மாற்றினால் புது மாடல் எண் தருவோம் என்றது நிறுவனம். பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்கியவருக்குக் கிடைத்தது வேறு பொருள். இதை வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிட முடியாது. இது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

அதற்காக நொடிக்கு 7000 எம்பி என்று அச்சிட்ட வட்டைத் தேடி ஓடவும் வேண்டாம். செலரான் என்4020 போன்ற சிப் உள்ள லேப்டாப்பில் இருப்பது பிசிஐஇ 2.0 என்ற பழைய இணைப்பு, அந்த வேகம் உள்ளே நுழையவே வழியில்லை.

வாங்கும்போது டிஎல்சியா கியூஎல்சியா என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத பிராண்டைத் தொடாதீர்கள். லேப்டாப் ஏற்குமானால் பழைய சாட்டா இணைப்பில் வரும் மலிவு எஸ்எஸ்டியைவிட, புதிய என்விஎம்இ முறையில் வரும் மலிவு எஸ்எஸ்டி நல்லது. உள்ளே தனி டிராம் நினைவகம் இல்லாவிட்டாலும் கணினியின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கும் வசதி என்விஎம்இக்கு உண்டு. 128 ஜிபியை விட்டு 256க்கோ 512க்கோ போங்கள், ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வையுங்கள். எந்த பிளாஷ், கேஷ் தீர்ந்தபின் என்ன வேகம் என்ற இரண்டையும் பெட்டியிலேயே அச்சிடும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. அதை வாங்குபவர்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.