ஆங்கிலம் பழகுவோம்: நின்று தேடினேனா, தேடுவதை நிறுத்தினேனா?



வங்கிக்கோ வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்கோ ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டி வந்தால் நம்மில் பலர் இன்னொருவரின் உதவியை நாடுகிறோம். அவர் எழுதித் தருவது நாம் சொன்னதுதானா என்று வாசித்துப் பார்க்கவாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உதவும் ஒரு சிறு பாடம் இது.

ஒரு வினைச்சொல்லை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக மாற்றலாம்.

1. சொல்லின் முடிவில் 'இங்' சேர்ப்பது. குக் என்பது குக்கிங் ஆகும். இதற்கு ஜெரண்ட் என்று பெயர். நமது 'சமைத்தல், சமைப்பது' போன்றது. ரைட் என்ற சொல்லில் கடைசி 'ஈ' எழுத்து நீங்கி ரைட்டிங் ஆகும். ஸ்டொப் என்பதில் 'பி' எழுத்து இரட்டித்து ஸ்டொப்பிங் ஆகும்.

2. சொல்லுக்கு முன்னால் 'டு' சேர்ப்பது. டு குக், டு ரைட். இது இன்பினிட்டிவ். நமது 'சமைக்க, எழுத' போன்றது. இறந்த காலத்தைச் சொல்லும்போதும் இச்சொல் மாறாது. 'டு வென்ட்' என்பது பிழை, 'டு கோ' என்பதே சரி.

வோன்ட், டிசைட், அக்ரீ ஆகியவற்றின் பின் 'டு' வரும். என்ஜோய், பினிஷ், அவொய்ட் ஆகியவற்றின் பின் 'இங்' வரும். இவற்றை மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

சில சொற்களின் பின் இரண்டும் வரும், ஆனால் கருத்து மாறிவிடும். கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் கடிதம் எழுதுவதாக வைத்துக் கொள்வோம். 'போகும் வழியில் நின்று மகனைத் தேடினேன்' என்கிறார். ஆங்கிலத்தில், ஐ ஸ்டொப்ட் டு லுக் போர் மை சன். எழுதுபவர் தவறுதலாக 'ஐ ஸ்டொப்ட் லுக்கிங் போர் மை சன்' என்று எழுதினால், 'மகனைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்' என்று ஆகிவிடும். பல வருடங்களாகத் தேடும் தாயைத் தேடாதவளாக்க அந்தச் சிறு பிழை போதும்.

கடன் பத்திரத்திலும் இப்படித்தான். 'ஐ போர்கொட் டு சைன்' என்றால் கையொப்பமிட மறந்துவிட்டேன், கையொப்பம் இடவில்லை. 'ஐ போர்கொட் சைனிங்' என்றால் கையொப்பமிட்டதை மறந்துவிட்டேன்; கையொப்பம் இட்டாயிற்று.

குழப்பம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஸ்டொப், போர்கெட், ரிமெம்பர் ஆகிய மூன்றுக்கும் இது உதவும். 'செய்ய, செய்வதற்காக' என்று வந்தால் 'டு' போடுங்கள். 'செய்ததை, செய்வதை' என்று வந்தால் 'இங்' போடுங்கள்.

பயிற்சி: ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

1. நான் வேலை செய்ய விரும்புகிறேன்.
2. கடிதத்தை அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது.
3. அவள் பேசுவதை நிறுத்தினாள்.

விடைகள்:

1. ஐ வோன்ட் டு வேர்க்.
2. ஐ ரிமெம்பர் சென்டிங் த லெட்டர்.
3. ஷீ ஸ்டொப்ட் டோக்கிங்.

பிழை வருமென்று தயங்காதீர்கள். ஒரு கொப்பியில் நாளுக்கு இரண்டு வசனமாவது எழுதி, பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். உங்கள் பெயரில் போகும் கடிதத்தை நீங்களே வாசித்துப் பார்த்த பின் கையொப்பமிடுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.